யூரோப் பைக் ட்ரிப்புக்கு ரூட் போட கர்விகர் - என் அனுபவம்

மூனிக்ல இருந்து இத்தாலி ஸ்டெல்வியோ பாஸ் (மலைக் கணவாய்) வரைக்கும் போக கர்விகர்ங்கிற ரூட் ஆப்ல தான் ரூட் போட்டேன், பைக் ஓட்டுறவங்களுக்குன்னே ஜெர்மனில செஞ்சது. சாதாரண மேப் எப்பவும் ஹைவேல தள்ளிவிடும், இதுல வளைவு அதிகமா வேணும்னு செலக்ட் பண்ணா போதும், சின்ன மலை ரோடா தேடி எடுத்துக் கொடுக்குது. ஹைவேய தவிர்த்தா ஆஸ்திரியால விக்னெட்ங்கிற ஹைவே டோல் காசும் மிச்சம்.

லாண்டெக் தாண்டி ரெஷென் பாஸ் ஏறி இறங்குனா ஏரி நடுவுல பழைய சர்ச் கோபுரம் மட்டும் நிக்கும், அங்க கண்டிப்பா பைக்க நிறுத்துங்க. அப்புறம் ப்ராட்டோங்கிற ஊர்ல இருந்து ஸ்டெல்வியோவுக்கு 48 ஹேர்பின் வளைவு, உச்சி 2757 மீட்டர், எனக்கு கண்ணே கலங்கிடுச்சு.

ஒன்னு மட்டும் சொல்றேன், பாஸ் திறந்திருக்கான்னு கிளம்புற முன்னாடி தனியா செக் பண்ணிக்கோங்க, ஸ்டெல்வியோ பனிக்காலம் முழுக்க மூடிருக்கும். சத்தம் அதிகமான பைக்னா ஆஸ்திரியாவோட டைரோல் மாநிலத்துல ராய்ட்டே பக்கம் சில ரோட்ல கோடை சீசன்ல நிக்கும்போது வர்ற சத்தம் 95 டெசிபலுக்கு மேல உள்ள பைக்குக்கு தடை இருக்கு, வண்டி பேப்பர்ல அந்த சத்த நம்பர பாத்துக்கோங்க. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டருக்கு மேல ப்ளான் பண்ணாதீங்க, மலை ரோட்ல அதுவே முழு நாள் ஆகிடும்.