பங்காளியோடு தொழில்: கூட்டு நிறுவனமா, எல்.எல்.பி.யா, பிரைவேட் லிமிடெடா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தானும் மைத்துனருமாக இரண்டு பேர் என் ஆபீசுக்கு வந்தார்கள். தாராவி 90 அடி சாலையிலிருந்து உள்ளே போகிற ஒரு சந்தில் இட்லி மாவு அரைக்கிறார்கள். விடியற்காலையில் சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு இட்லி விற்கப் போகிறவர்களுக்கும், சயான், செம்பூர் பக்கத்துச் சின்ன ஓட்டல்களுக்கும் இவர்களிடமிருந்துதான் மாவு போகிறது. ஆறு வருஷக் கூட்டு. ஒரு காகிதம் கிடையாது.

கணக்கைக் காட்டுங்கள் என்றேன். மைத்துனர் பையிலிருந்து நீளவாக்கில் மடித்த ஒரு நோட்டை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் மாவு காய்ந்து மொரமொரவென்று இருந்தது. இடது பக்கம் மேலே 'அ', வலது பக்கம் மேலே 'நா'. அ என்றால் அத்தான் எடுத்த பணம், நா என்றால் நான் எடுத்தது. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்தே ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

"எல்.எல்.பி. போட்டுரலாமாண்ணே, இல்ல பிரைவேட் லிமிடெடா?" என்றார். யூடியூபில் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எல்.எல்.பி. என்றால் லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப், கடன் பொறுப்புக்கு வரம்பு கட்டின கூட்டு. பிரைவேட் லிமிடெட் என்றால் பங்குகளாகப் பிரித்த கம்பெனி.

சயானில் உட்கார்ந்து இருபது வருஷமாக நம் ஆட்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். முறுக்குக்காரர், தோல் பை தைப்பவர், கேட்டரிங்காரர் என்று யார் வந்தாலும் இதே கேள்விதான். எப்படி ஆரம்பிப்பது என்று கேட்கிறார்கள். பிரிகிற நாளில் எதை யார் எடுப்பது என்று ஒருவரும் கேட்பதில்லை. பங்காளி என்றால் பங்கு உள்ளவர் என்று அர்த்தம், ஆனால் பங்காளிக் காய்ச்சல் என்றும் நாம்தான் சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் இந்த மூன்று ஏற்பாடுகளையும் பிரிவினை நாளில் நின்றுகொண்டு பார்ப்பது என் வழக்கம்.

வாய்ப்பேச்சும், பதிவு செய்யாத பத்திரமும்

வாய்ப்பேச்சுக் கூட்டு சட்டப்படி செல்லும். 1932-ம் வருஷத்துக் கூட்டாண்மைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தவில்லை. ஆனால் நீங்கள் எதுவும் பேசி வைக்காத இடத்தில் அந்தச் சட்டமே பேச ஆரம்பிக்கும், அது பேசுவது பலருக்குப் பிடிக்காது. ஒருவர் 10 லட்சம் போட்டு இன்னொருவர் 2 லட்சம் போட்டிருந்தாலும் லாபம் சரிபாதி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து மாவு அரைப்பவருக்குத் தனியாகச் சம்பளம் கிடையாது. முதலுக்கு மேல் கைக்காசு போட்டிருந்தால் அதற்கு வருஷத்துக்கு 6 சதவீத வட்டி, அவ்வளவுதான்.

பத்திரம் எழுதிப் பதிவு செய்யாமல் விடுவது அடுத்த வகை. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த ரகம். முத்திரைத்தாளில் எழுதி, பான் வாங்கி, வங்கியில் நடப்புக் கணக்கும் திறந்துவிடுகிறார்கள். எல்லாம் ஓடுகிறது. பதிவு கட்டாயமில்லை என்று சட்டமும் சொல்கிறது. வில்லங்கம் 69-ம் பிரிவில் இருக்கிறது. பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக வெளியாள் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. வெளியாள் இவர்கள் மேல் தாராளமாகப் போடலாம்.

இதை நான் பாடமாகப் படித்ததைவிட அடிபட்டுத் தெரிந்துகொண்டது அதிகம். முறுக்கு போடும் இரண்டு நண்பர்களுக்கு நான்தான் கணக்கு. தீபாவளிச் சரக்கு எடுத்த ஒரு ஸ்வீட் கடைக்காரர் நாலே முக்கால் லட்சம் பாக்கி வைத்துவிட்டு, அடுத்த மாசம் அடுத்த மாசம் என்று இழுத்தார். வக்கீலிடம் போனபோது பில் தேதியிலிருந்து இரண்டு வருஷம் பத்து மாசம் ஆகியிருந்தது. வழக்குப் போடக் காலக்கெடு மூன்று வருஷம். வக்கீல் முதலில் கேட்டது பதிவுச் சான்றிதழை. அது இல்லை. அவசர அவசரமாகப் பதிவுக்கு விண்ணப்பித்தோம். ஒரு கையெழுத்து சரியில்லை என்று திரும்பி வந்து, மறுபடி கொடுத்து, சான்றிதழ் கைக்கு வந்தபோது மூன்று வருஷம் தாண்டிவிட்டது. பத்திரம் எழுதின அன்றைக்கே பதிவையும் முடிக்கச் சொல்லாதது என் தப்பு. அந்த வருஷத்துக் கணக்குக்கு அவர்களிடம் நான் ஃபீஸ் வாங்கவில்லை.

பதிவு செய்த கூட்டு நிறுவனம்

இரண்டு பேருமே கையை நனைத்து வேலை செய்கிற சின்னத் தொழிலுக்கு என் ஓட்டு இதற்குத்தான். எல்.எல்.பி.க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்பதால் மாவுக் கடையின் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன்.

வருஷ விற்பனை 90 லட்சம், எல்லாம் யுபிஐ, வங்கி வழியாக வருகிறது என்று வையுங்கள். பங்குதாரர் சம்பளத்துக்கு முன் நிஜ லாபம் 9 லட்சம். கணக்கு எழுத வேண்டாம், இப்படி வங்கி வழியாக வருகிற விற்பனையில் 6 சதவீதத்தை லாபம் என்று காட்டினால் போதும் என்ற அனுமான முறை கூட்டு நிறுவனத்துக்கு உண்டு. எல்லோரும் அதில் விழுந்துவிடுகிறார்கள். 90 லட்சத்துக்கு 6 சதவீதம் 5,40,000. நிறுவனத்துக்கு வரி முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதம், அந்த வரியின் மேல் 4 சதவீத செஸ். ஆக 1,68,480 ரூபாய். பங்குதாரர் சம்பளத்தை இதில் கழிக்க முடியாது.

இப்போது ஒழுங்காகக் கணக்கு எழுதிப் பார்ப்போம். உழைக்கும் பங்குதாரருக்குச் சம்பளம் உண்டு என்று பத்திரத்தில் எழுதியிருந்தால், லாபத்தின் முதல் 6 லட்சத்தில் 90 சதவீதம், மீதியில் 60 சதவீதம் வரை சம்பளமாகக் கழிக்கலாம். 5.4 லட்சமும் 1.8 லட்சமுமாக 7.2 லட்சம் போய்விடும். மிச்சம் 1.8 லட்சத்துக்கு வரி 56,160. ஆளுக்கு 3.6 லட்சம் சம்பளம். வேறு வருமானம் இல்லையென்றால் அதற்கு அவர்கள் கையில் வரி விழாது. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதினதற்குக் கூலி 1,12,320 ரூபாய். இரண்டையும் ஒரே தாளில் எழுதி நீட்டியபோது அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

இதில் ஒரு கவனம் வேண்டும். அனுமான முறையில் ஒரு தடவை நுழைந்துவிட்டு நடுவில் வெளியே வந்தால் அடுத்த ஐந்து வருஷம் திரும்ப நுழைய முடியாது, தணிக்கையும் தலையில் விழலாம். அதனால் இந்த முடிவை முதல் வருஷமே எடுக்க வேண்டும். அப்புறம், 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குக் கொடுக்கிற சம்பளமும் வட்டியும் வருஷத்தில் 20,000 ரூபாயைத் தாண்டினால் நிறுவனம் 10 சதவீதம் டி.டி.எஸ்., அதாவது கொடுக்கும்போதே கழிக்கிற வரி, பிடித்துக் கட்ட வேண்டும். வரி விழாதவர் ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். தலைவலிதான், ஆனால் தாங்கக்கூடிய தலைவலி.

கூட்டு நிறுவனத்தின் நிஜமான குறை கடன். நிறுவனம் பட்ட கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் தன் சொந்தச் சொத்தோடு பொறுப்பு. தொழிலுக்கென்று வாஷி மார்க்கெட்டில் அத்தான் அரிசி, உளுந்து எடுத்துக் கட்டாமல் விட்டால், மைத்துனர் முலுண்டில் வாங்கிய ஒரு ரூம் வீடும் அதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

இன்னொன்று, சாவு. பங்குதாரர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் தொடரலாம் என்று எல்லாப் பத்திரத்திலும் ஒரு வரி இருக்கும், டைப்பிஸ்ட்டே போட்டுவிடுவார். மூன்று பேர் இருந்தால் அந்த வரி வேலை செய்யும். இரண்டே பேர் என்றால் மிச்சம் இருப்பவர் யாரோடு கூட்டு? நிறுவனம் அன்றோடு கலைந்துவிடும். வாரிசை உள்ளே எடுப்பதா, இல்லை அவர் பங்குக்கு எத்தனை மாசத்தில் எப்படி விலை வைத்துக் கொடுப்பது என்பதை உயிரோடு இருக்கும்போதே எழுத வேண்டும். இதைச் சொல்லும்போது எதிரில் இருப்பவர்கள் அபசகுனம் மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள். நான் காபி சொல்லிவிட்டுக் காத்திருப்பேன்.

எல்.எல்.பி.

2008-ம் வருஷத்துச் சட்டம், 2009-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. நிறுவனத்தின் கடன் நிறுவனத்தோடு நிற்கும், பங்குதாரர் வீட்டு வாசலுக்கு வராது என்பது இதன் கவர்ச்சி. ஏமாற்று வேலைக்கும் தானே செய்த தவறுக்கும் மட்டும் விலக்கு இல்லை. ஒருவர் இறந்தாலும் நிறுவனம் உடனே கலையாது. இன்னொருவரைச் சேர்க்க ஆறு மாசம் அவகாசம் உண்டு.

ஆனால் சின்னத் தொழிலில் பெரிய கடன் யாரிடம் இருக்கும்? வங்கியிடம். வங்கியோ எல்.எல்.பி.க்குக் கடன் கொடுக்கும்போது பங்குதாரர்களிடம் சொந்த ஜாமீன் கையெழுத்து வாங்காமல் பெரும்பாலும் விடுவதில்லை. அந்தக் கையெழுத்தோடு நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பாதுகாப்பில் பாதி போச்சு. மிச்சம் இருப்பது அரிசிக்காரர், வாடகைக்காரர் போன்ற மற்றக் கடன்காரர்களிடமிருந்து மட்டும்.

செலவைப் பாருங்கள். விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினாலோ, போட்ட முதல் 25 லட்சத்தைத் தாண்டினாலோ எல்.எல்.பி.க்குத் தணிக்கை கட்டாயம். அதே மாவுக் கடை, கூட்டு நிறுவனமாக ஒழுங்காகக் கணக்கு எழுதினால் ஒரு கோடிக்குள் தணிக்கை கிடையாது. அனுமான வரி முறையும் எல்.எல்.பி.க்கு இல்லை. வியாபாரமே நடக்காவிட்டாலும் வருஷத்துக்கு இரண்டு படிவம், மே மாசம் ஒன்று, அக்டோபரில் ஒன்று. எனக்குத் தெரிந்த மூன்று ஐ.டி. பையன்கள் ஒரு எல்.எல்.பி. போட்டுவிட்டு ஆளுக்கொரு வேலைக்குப் போய்விட்டார்கள். படிவத்துக்கு நாளைக்கு 100 ரூபாய் தாமதக் கட்டணம் என்று ஓடிக்கொண்டிருந்த காலம் அது. 2022-ல்தான் அந்தக் கணக்கு மாறியது. அதை மூடக் கட்டின காசில் ஒரு நல்ல பைக் வாங்கியிருக்கலாம்.

டிசைன், கன்சல்டன்சி, ஆர்க்கிடெக்ட் மாதிரி மூளையை முதலாகப் போடுகிறவர்களுக்கும், முகம் தெரியாத மூன்றாவது நாலாவது ஆள் சேர்கிற கூட்டுக்கும் எல்.எல்.பி. பொருந்தும். மாவுக்குப் பொருந்தாது.

பிரைவேட் லிமிடெட்

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வெளியார் பணம் வரப்போகிறதா, பங்கை விற்று முதலீடு திரட்டப் போகிறீர்களா? அப்படியென்றால் இதுதான். 2015-லிருந்து குறைந்தபட்ச மூலதனம் என்று எதுவும் இல்லை, இரண்டு பேர் போதும். 22 சதவீத வரி முறையை எடுத்தால் சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்ந்து 25.17 சதவீதம். ஆனால் ஒரு ரூபாய் விற்றாலும் தணிக்கை. லாபத்தை ஈவுத்தொகையாக எடுத்தால் உங்கள் கையில் இன்னொரு தரம் வரி. கல்லாப்பெட்டியைத் திறந்து பள்ளிக்கூட ஃபீஸுக்கு எடுத்துக்கொள்கிற பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம். அங்கே அந்தப் பணம் கம்பெனியுடையது, உங்களுடையது இல்லை.

சரிபாதியா, கூடுதல் குறைவா?

நம் ஆட்கள் ஐம்பதுக்கு ஐம்பதை நியாயம் என்று நினைக்கிறார்கள். லாபத்தில் அது நியாயமாக இருக்கலாம். முடிவெடுப்பதில் அது முட்டுச்சந்து. ஒருவர் 'சரி', இன்னொருவர் 'இல்லை' என்றால் மூன்றாவது ஓட்டு இல்லை. லாபத்தைச் சரிபாதி வைத்துக்கொண்டு கொள்முதலில் ஒருவர் சொல் கடைசி, விற்பனையில் இன்னொருவர் சொல் கடைசி என்று எழுதுவது எனக்குப் பிடித்த வழி. ஒருவர் பணமும் ஒருவர் உழைப்பும் போடுகிற கூட்டில் தவணை வைக்க வேண்டும். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிய நகரத்தார் கடைகளில் போகிற முகவருக்கு மூன்று வருஷத் தவணை, சம்பளத்தில் ஒரு பகுதி முன்பணம், திரும்பி வந்து கணக்கு ஒப்படைத்தால் லாபத்தில் ஒரு பங்கு என்று ஏற்பாடு இருந்தது. மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் கணக்கு முடித்துவிட்டால் மனஸ்தாபம் சேர்ந்து வட்டி போடாது.

சொந்தக்காரரா, நண்பரா என்றால் நான் சொந்தக்காரர் பக்கம்தான். நண்பர் கோபித்துக்கொண்டால் போனை எடுக்க மாட்டார். அத்தான் கோபித்துக்கொண்டாலும் பொங்கலுக்கு வந்தாக வேண்டும். ஆனால் தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. 'அ', 'நா' நோட்டை மாசாமாசம் கூட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பத்திரத்தில் நாலாவது விதியாகச் சேர்த்திருக்கிறேன்.

கடைசியில் இந்த இருவரும் பதிவு செய்த கூட்டு நிறுவனத்துக்கே சம்மதித்தார்கள். பங்கு சரிபாதி, சம்பளம் இவ்வளவு, விலகினால் ஆறு மாசத்தில் கணக்கு என்று எல்லாம் வரிசையாக வந்தது. புது கிரைண்டர் நிறுவனத்துக்கு, பழைய டில்டிங் கிரைண்டர் மைத்துனருக்கு. அது அவர் கல்யாணத்துக்கு முன்பு வாங்கியதாம். அடுத்து, காலா, அதாவது மாவு அரைக்கிற அறை, யாருடையது என்று கேட்டேன். தாராவியில் மெஷினைவிட விலை கூடினது அந்தப் பத்துக்குப் பதினைந்து அடி அறைதான். மறுசீரமைப்புப் பேச்சு வந்த பிறகு, காகிதம் யார் பேரில் என்பது இன்னும் பெரிய விஷயம். அது நிறுவனத்தின் சொத்தா, இல்லை ஒருவர் சொந்த இடத்தை நிறுவனம் வாடகைக்கு எடுத்திருக்கிறதா என்று பத்திரத்தில் தெளிவாக எழுதாவிட்டால் சண்டை அங்கேதான் வெடிக்கும்.

அத்தான் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் மின்விசிறியைப் பார்த்தார்.

"அது அக்கா பேர்ல இருக்குண்ணே" என்றார்.

பத்திரத்தில் அந்த ஒரு இடத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அக்காவையும் கூட்டிக்கொண்டு வருகிறார்களாம். வாடகை என்ன கேட்பது என்று அவர் இப்போதே யோசிக்க ஆரம்பித்துவிட்டதாக அத்தான் நேற்று போனில் சொன்னார்.