எட்டு மைதானங்கள், மூன்று மெட்ரோ தடங்கள்: கத்தார் 2022 உலகக் கோப்பையின் பயண ஏற்பாடுகள் குறித்து ஒரு மதிப்புரை

ஒரு கால்பந்து மைதானத்தின் கூரை எந்த வடிவில் அமைந்திருக்கிறது என்பது தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு முக்கியமாக இருக்கலாம். சீட்டு வாங்கிக்கொண்டு நேரில் செல்பவருக்கோ, ஆட்டம் முடிந்த பிறகு பல்லாயிரம் பேரோடு நெருக்கியடித்து வெளியேறி, தங்குமிடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வோம் என்பதே பெரிய கேள்வி. 2022 நவம்பர் 20 முதல் டிசம்பர் 18 வரை கத்தாரில் நடைபெற்ற உலகக் கோப்பையின் எட்டு மைதானங்களையும், அவற்றைச் சென்றடைய அமைக்கப்பட்ட வழிகளையும் இந்த அளவுகோலைக் கொண்டே இங்கு மதிப்பிடுகிறேன். கட்டடக் கலைக்கு இதில் இரண்டாம் இடம்தான்.

அந்தப் போட்டியின் மிகப் பெரிய வசதி, நாட்டின் சிறிய பரப்பளவு. வடக்கே அல் கோரில் உள்ள அல் பைத் மைதானத்துக்கும் தெற்கே அல் வக்ராவில் உள்ள அல் ஜனூப் மைதானத்துக்கும் இடையிலான சுமார் 75 கிலோமீட்டர்தான் எந்த இரு மைதானங்களுக்கும் இடையிலான மிக அதிகத் தூரம். அதற்கு முந்தைய 2018 போட்டியில், ரஷ்யாவின் கலினின்கிராடில் ஓர் ஆட்டம் பார்த்துவிட்டு எகடெரின்பர்க்கில் அடுத்த ஆட்டத்தைப் பார்க்க விரும்பியவர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டியிருந்தது. கத்தாரில் குழுச் சுற்றின் பெரும்பாலான நாட்களில் மதியம் 1 மணி, மாலை 4 மணி, இரவு 7 மணி, 10 மணி என நான்கு ஆட்டங்கள் நடந்ததால், மதிய ஆட்டம் ஒன்றையும் இரவு ஆட்டம் ஒன்றையும் ஒரே நாளில் பார்ப்பது சாதாரண ரசிகருக்கும் எட்டும் காரியமாயிற்று. விமானம் மாறுவதும், பெட்டி கட்டுவதும், விடுதி மாற்றுவதும் இல்லாமல் ஒரே அறையில் தங்கி முழுத் தொடரையும் பார்க்கக்கூடிய உலகக் கோப்பை மறுபடி எப்போது வாய்க்கும் என்று சொல்வதற்கில்லை.

இந்த வசதிக்கான நுழைவாயில் ஹய்யா அட்டை. நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதி, மைதானத்துக்குள் நுழைவதற்கான அனுமதி, மெட்ரோவிலும் பேருந்திலும் இலவசப் பயணம் ஆகிய மூன்றையும் அது ஒன்றாகக் கட்டித் தந்தது. ரஷ்யா 2018இல் நடைமுறைப்படுத்திய ரசிகர் அடையாள அட்டையின் அடுத்த கட்டம் என்று இதைச் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே சாவி என்னும்போது, அந்தச் சாவி கிடைக்காவிட்டால் எல்லாக் கதவுகளும் மூடியே இருக்கும். நாட்டில் இரவு தங்க வேண்டிய வெளிநாட்டவருக்கு, தங்குமிடத்தை உறுதி செய்யும்வரை அட்டை உறுதியாகவில்லை. ஆகவே ஆட்டச் சீட்டு, தங்குமிடம், அட்டை, விமானம் என்ற வரிசையை மாற்றிப் போட்டவர்களுக்குப் பணம் முடங்கும் அபாயம் இருந்தது. துபாய், மஸ்கட், ரியாத் போன்ற நகரங்களில் தங்கிக்கொண்டு, ஆட்ட நாளில் மட்டும் வந்து திரும்புவோருக்கென இயக்கப்பட்ட விமானங்கள் இந்தச் சிக்கலுக்கு ஓரளவு மாற்றாக அமைந்தன.

இனி மெட்ரோ. 2019இல் திறக்கப்பட்ட தோஹா மெட்ரோவில் சிவப்பு, பச்சை, தங்கம் என மூன்று தடங்கள் உள்ளன. மூன்றும் முஷைரிப் நிலையத்தில் சந்திக்கின்றன. ஓட்டுநர் இல்லாமல் தானாக இயங்கும் ரயில்கள் இவை. மூன்றே பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலில் கொள்ளக்கூடிய கூட்டத்துக்கு வரம்பு உண்டு என்பதால், முழு அமைப்பும் ரயில்கள் அடுத்தடுத்து வரும் வேகத்தையே நம்பியிருந்தது. போட்டி நாட்களில் பெரும்பாலும் காலை 6 மணி முதல் மறுநாள் அதிகாலை 3 மணி வரை, அதாவது 21 மணி நேரம் சேவை இருந்தது. இரவு 10 மணி ஆட்டம் கூடுதல் நேரத்துக்கும் பெனால்ட்டிக்கும் சென்று நள்ளிரவைத் தாண்டினாலும் ரயில் இருக்கும் என்ற நிம்மதியை, டாக்சிக் கட்டணம் கட்டி வீடு திரும்பிப் பழகிய எந்த ரசிகரும் குறைவாக மதிப்பிட மாட்டார்.

வழிகாட்டும் பணியையும் தனியே குறிப்பிட வேண்டும். உயரமான நாற்காலியில் அமர்ந்து, பெரிய நுரைக் கையுறை விரலால் திசையைக் காட்டி, ஒலிபெருக்கியில் ‘மெட்ரோ, இந்தப் பக்கம்’ என்று ராகம் போட்டு அழைத்த இளைஞர்கள் அந்தத் தொடரின் அடையாளமாகவே ஆகிவிட்டார்கள். கூட்டம் அந்த அழைப்புக்குப் பாட்டாகவே பதில் சொன்னது. ஆயிரம் அறிவிப்புப் பலகைகள் செய்யாததை இந்த ஒரு ஏற்பாடு செய்தது. அதே வேளை, அவர்கள் காட்டிய திசை எப்போதும் குறுகிய வழியாக இருக்கவில்லை. நிலையத்தின் நடைமேடை நிரம்பி வழியக் கூடாது என்பதற்காக, தடுப்புவேலிகளுக்குள் கூட்டத்தை வளைத்து வளைத்து நடக்கவைத்தார்கள். கண்ணெதிரே தெரியும் நிலையத்தை அடைய நீண்ட சுற்று நடக்க வேண்டும். பாதுகாப்பு நோக்கில் இது சரியான முடிவு என்றே கருதுகிறேன். முதியவர்களுக்கும், தூங்கும் குழந்தையைத் தோளில் சுமப்பவர்களுக்கும் இது கடினமான முடிவு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மைதானங்களில் எனது முதலிடம் 974 மைதானத்துக்கு. கத்தாரின் சர்வதேச தொலைபேசிக் குறியீட்டு எண்ணே அதன் பெயர். அதே எண்ணிக்கையிலான கப்பல் சரக்குப் பெட்டகங்களைக் கொண்டு அது எழுப்பப்பட்டது. தங்கத் தடத்தின் ராஸ் பு அப்பூத் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். குளிரூட்டும் வசதி இல்லாத ஒரே மைதானம் என்பதால் ஆட்டங்கள் அனைத்தும் இரவிலேயே நடத்தப்பட்டன. கடலோரக் காற்று போதுமானதாக இருந்தது. படிக்கட்டுகளும் கழிப்பறைகளும்கூடப் பெட்டகங்களுக்குள் அடங்கியிருக்கும் அந்தக் கட்டுமானத்தில் எதையும் மறைக்கவில்லை. இரும்புச் சட்டங்களும் வண்ணப் பெட்டகங்களும் வெளிப்படையாகத் தெரிகின்றன. பிரேசில் தென்கொரியாவை 4-1 என வென்ற ஆட்டம் இங்குதான் நடந்தது. போட்டி முடிந்ததும் கழற்றி எடுக்கப்படும் என்று பெருமையோடு அறிவிக்கப்பட்ட இந்த மைதானம் 2024 டிசம்பரிலும் நின்று ஆட்டம் நடத்தியது என்பது வேறு கதை.

கடைசி இடம் அல் பைத்துக்கு. பாலைவன நாடோடிகளின் கூடார வடிவில், ஏறத்தாழ 69 ஆயிரம் பேர் அமரக்கூடிய, திறந்து மூடும் கூரை கொண்ட, எட்டிலும் மிக அழகானது என்று பலர் சொல்லும் மைதானம் அது. அழகில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் மெட்ரோ அங்கே போவதில்லை. சிவப்புத் தடத்தின் வடக்கு முனையான லுசைல் வரை ரயிலில் சென்று, அங்கிருந்து பேருந்து ஏற வேண்டும். போகும்போது மக்கள் பல மணி நேர இடைவெளியில் சிறுகச் சிறுக வந்து சேர்கிறார்கள். திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் பேருந்துகளைத் தேடுகிறார்கள். இங்கிலாந்தும் பிரான்ஸும் மோதிய காலிறுதி இங்கே இரவு 10 மணிக்குத்தான் தொடங்கியது. தொடக்க ஆட்டத்தையும் ஓர் அரையிறுதியையும் ரயில் இல்லாத மைதானத்துக்குக் கொடுத்தது பயணிகளை மனத்தில் வைத்து எடுத்த முடிவாகத் தெரியவில்லை.

இறுதி ஆட்டம் நடந்த லுசைல், ஏறத்தாழ 89 ஆயிரம் பேருக்கானது. சிவப்புத் தட நிலையம் அருகிலேயே இருந்தாலும், கூட்டத்தின் அளவே அங்கு எதிரி. மேலடுக்கு இருக்கைகளிலிருந்து வீரர்களின் முதுகு எண்ணைப் படிப்பது கடினம் என்பதால், அங்கு மலிவான சீட்டு உண்மையில் மலிவல்ல. எஜுகேஷன் சிட்டி, கலீஃபா, அகமது பின் அலி ஆகிய மூன்றும் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் இருப்பவை, 45 ஆயிரம் பேரை ஒட்டிய கொள்ளளவு கொண்டவை, குறை சொல்ல அதிகம் இல்லாதவை. 1976இல் கட்டப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட கலீஃபாவில் மட்டும் தடகள ஓடுபாதை இருப்பதால் புல்வெளி சற்றுத் தள்ளித் தெரியும். அல் ஜனூப்புக்கும் அல் துமாமாவுக்கும் மெட்ரோவில் இறங்கிச் சிறிது தூரம் பேருந்தில் செல்ல வேண்டும். தூரம் குறைவு என்பதால் அல் பைத்தின் அலுப்பு இங்கு இல்லை.

சீட்டு விலையில் ஒரு நியாயம் இருந்தது. தொடக்க ஆட்டம் நீங்கலான குழுச் சுற்று ஆட்டங்களுக்கு, கத்தாரில் வசிப்போருக்கு மட்டுமான, மிக மலிவான நான்காம் பிரிவு இருக்கை 40 ரியாலுக்குக் கிடைத்தது. அந்த மைதானங்களைக் கட்டியவர்களில் பெரும் பகுதியினர் தெற்காசியாவிலிருந்து சென்ற தொழிலாளர்கள். அவர்களது பணிச்சூழல் குறித்தும் உயிரிழப்புகள் குறித்தும் எழுந்த கேள்விகளுக்கு 40 ரியால் சீட்டு விடையாகாது என்றாலும், அவர்களில் சிலரேனும் உள்ளே அமர்ந்து பார்க்க அது வழி செய்தது. சீட்டு முழுவதும் கைபேசிச் செயலியில் மட்டுமே இருந்தது. இங்கிலாந்து–ஈரான் ஆட்டத்துக்கு முன்பு செயலி தடுமாறியபோது, சீட்டு வாங்கியிருந்த பலர் கைபேசியைக் கையில் பிடித்தபடி வாயிலில் காத்து நின்றனர். காகிதச் சீட்டு என்ற மாற்று வழியை அடியோடு ஒழிப்பது சரியல்ல.

இந்த ஏற்பாடுகளில் மிகவும் பலவீனமானது தங்குமிடம். விடுதி அறைகள் போதாத நிலையில் சொகுசுக் கப்பல்கள், கூடாரங்கள், வரிசையாக அடுக்கிய தற்காலிக அறைகள் என்று எண்ணிக்கையைக் கூட்டினார்கள். இரவுக்கு 200 டாலருக்கும் மேல் வாங்கிய ரசிகர் கிராமங்களில் சில, தொடர் தொடங்கிய பிறகும் பணி முடியாமல் கிடந்தன. பணத்தைத் திருப்பித் தருவதாக அமைப்பாளர்களே அறிவிக்கும் நிலை ஏற்பட்டது.

2026 உலகக் கோப்பை மூன்று நாடுகளின் 16 நகரங்களுக்கும், 48 அணிகளுக்கும், 104 ஆட்டங்களுக்கும் விரிந்துவிட்டது. வான்கூவருக்கும் மியாமிக்கும் இடையே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அதிக தூரம். ஒரு நாளில் இரு ஆட்டங்கள் என்ற கணக்குக்கே அங்கு இடமில்லை. இத்தனை பெரிய தொடருக்குச் சீட்டு வாங்குபவர், தமக்குப் பிடித்த அணியின் அட்டவணைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மைதானத்தின் படத்தை அல்ல. அதன் வாசலிலிருந்து மிக அருகிலுள்ள ரயில் நிலையம் எங்கே இருக்கிறது, ஆட்ட நாளில் அதன் கடைசி ரயில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைத்தான்.