டர்பனில் மாரிஸ் மைனருக்கு ரேடியேட்டர் வேலை

டிசம்பர் லீவுக்கு டர்பன் போகிறவர்கள், வீட்டு கராஜில் நிற்கும் மாரிஸ் மைனர் என்ற பழைய பிரிட்டிஷ் காரையும் அப்படியே சரி பண்ணிவிடலாம் என்று நினைத்தால் முதலில் தேதியைப் பாருங்கள். மாத நடுவில் ஷட்டரை இறக்கும் பட்டறைகள் பல, ஜனவரி பிறந்த பிறகுதான் திறக்கும். நவம்பரிலேயே ரேடியேட்டரைக் கழற்றி, சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்வது நல்லது.

அலுமினியத்தில் புதுசு போட்டால் சீக்கிரம் முடியும் என்பார்கள். மேல் டேங்கும் கீழ் டேங்கும் நன்றாக இருந்தால் அவசரப்பட வேண்டாம், இரண்டுக்கும் நடுவிலுள்ள குழாய் அடுக்கை, அதாவது கோர் என்பதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். பித்தளை டேங்கை நாளைக்கும் பற்றவைத்துக்கொள்ளலாம். அலுமினியம் ஓட்டையானால் ஈயப்பற்று ஒட்டாது. புதுக் கோரின் தடிமனை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நான்கு வரிசைக் கோர் போட்டால் ஃபேன் இறக்கை உரசுமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

கோர் போய்விட்டதா என்பதைப் பட்டறைக்குப் போகும் முன்பே பார்த்துவிடலாம். கழற்றிய ரேடியேட்டரின் கீழ்வாயை உள்ளங்கையால் அடைத்துத் தண்ணீர் நிரப்பிக் கையை எடுங்கள். குபுகுபுவென்று கொட்டினால் நல்லது. நூலாக வடிந்தால் உள்ளே சுண்ணாம்பும் துருவும் அடைத்திருக்கிறது. குழாய்கள் டேங்கோடு சேரும் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பொரிந்திருந்தால் அங்கேதான் கசிவு. கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடான ஃபின்னைச் சுரண்டிப் பாருங்கள், உப்புக்காற்று தின்றது பொடியாக உதிரும். கசிவை அடைக்கும் பவுடர் மட்டும் வேண்டவே வேண்டாம். ஓட்டையோடு நல்ல குழாய்களையும் ஹீட்டரையும் சேர்த்து அடைத்துவிடும்.

வேலை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு காற்றழுத்தத்தில் கண்முன்னே சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் பழைய டேங்க் உப்பிவிடும். மைனர் 1000 மாடலுக்கு 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிதான். கடையில் கிடைத்தது என்று 15 பவுண்டு மூடியைப் போட்டால் பற்று விட்டுப்போகும்.

பலர் விட்டுவிடுவது எஞ்சின் பிளாக்கை. பின்பக்க வடிகுழாயைக் கழற்றிக் கம்பியால் குத்தி, தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வை) எடுத்துவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை எதிர்த்திசையில் அலச வேண்டும். அலசாமல் மாட்டினால் பிளாக்கின் துரு முழுக்கப் புதுக் கோருக்கு வந்து சேரும். பிறகு 82 டிகிரி தெர்மோஸ்டாட்டும் புது ஹோஸ்களும் போடுங்கள்.

கூலன்ட் பழைய பச்சை எத்திலீன் கிளைக்கால் வகையாக இருக்கட்டும், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு போதும். ஆர்கானிக் ஆசிட் வகை ஈயப்பற்றை அரிக்கக்கூடும். ஹீட்டர் வால்வைத் திறந்துவைத்து மெதுவாக ஊற்றி, வாயிலிருந்து ஓர் அங்குலம் கீழே நிறுத்துங்கள். தனி ஓவர்ஃப்ளோ பாட்டில் இல்லாத வண்டி. விளிம்புவரை ஊற்றினால் சூடேறியதும் வெளியே தள்ளிவிடும்.

ஜோகன்னஸ்பர்க் போவதாக இருந்தால் மூடியின் ரப்பரையும் மாற்றுங்கள். வழியில் வரும் வான் ரீனன் கணவாய் சுமார் 1,700 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். 7 பவுண்டு அழுத்தம் நின்றால்தான் இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி தாங்கும். முதலில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் டவுன் ஹில் (Town Hill) என்ற மேடு வரை ஏற்றிப் பார்த்து, எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து மட்டத்தைப் பாருங்கள். ஹோஸ் கிளிப்களையும் அப்போதே ஒரு சுற்று இறுக்கிவிடலாம்.