உர்னேஷ் முகமூடி ஊர்வலம்: ஒருநாள் பஸ் டூர் எடுக்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஊர்வலத்துக்கு ஐந்து நட்சத்திரம், கூட்டிப்போன டூர்காரர்களுக்கு இரண்டுதான், அதிலும் ஒன்று பஸ்ஸில் ஹீட்டர் ஒழுங்காக ஓடியதற்கு.

சுவிட்சர்லாந்தில் சென்டிஸ் மலையடிவாரத்தில் இருக்கிற கிராமம் உர்னேஷ். அங்கே டிசம்பர் 31 அன்றும் ஜனவரி 13 அன்றும் ஆண்கள் முகமூடி மாட்டி, மணிகளைக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார்கள். சில்வெஸ்டர்குளவுசன் என்று பெயர். இரண்டு தடவை ஏன் என்றால், 1582இல் போப் கிரிகோரி நாட்காட்டியைத் திருத்தினார், இந்தப் பக்கத்துப் புராட்டஸ்டன்ட்காரர்களோ போப் சொல்லி நாங்கள் தேதியை மாற்றுவதா என்று பழைய கணக்கையே பிடித்துக்கொண்டார்கள். பின்னால் மாறிவிட்டார்கள், ஆனாலும் பழைய வருஷக் கடைசியை விட மனசில்லை. அது இப்போது ஜனவரி 13இல் விழுகிறது. நம் வீட்டில் பொங்கலுக்கு அரிசி களைந்து வைக்கிற நேரம்!

நான் பதிவு செய்தது அந்த 13ஆம் தேதிக்குத்தான். காலை எட்டு மணிக்கு சூரிச்சில் பஸ் ஏறினோம், போய் இறங்கும்போது பத்தைத் தாண்டிவிட்டது. அங்கேயே பாதி போச்சு, ஏனென்றால் முகமூடிக்காரர்கள் கிளம்புவது விடிவதற்கு முன்னாலேயே, கும்மிருட்டில். பத்து மணிக்கு ஊர் நடுவில் பார்த்ததெல்லாம் தலைகளும் தூக்கிப் பிடித்த போன்களும். போதாததற்கு, ஒரு குழு வட்டமாக நின்று சோயர்லி பாடிக்கொண்டிருந்தபோது (சொல்லே இல்லாத யோடல், கேட்டால் தொண்டை அடைக்கும்) எங்கள் வழிகாட்டி மைக்கில் அதற்கு விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். யாராவது அவரிடமிருந்து அதைப் பிடுங்கியிருக்கலாம்.

மறு வருஷம் நானே போனேன். முந்தின நாள் பக்கத்து ஊரில் தங்கி, இருட்டோடு பண்ணை வீடுகளுக்குப் போகும் பாதையில் நடந்தேன். முதலில் மணிச்சத்தம் மட்டும், ஆளே தெரியாது. அப்புறம் பனிக்கு நடுவில் மெல்ல ஒரு வெளிச்சம் ஆடி ஆடி வருகிறது, பார்த்தால் தலையில் தூக்கி வைத்திருக்கிற அலங்காரத்துக்குள்ளேயே விளக்கு. இவர்கள் 'அழகர்கள்' வகை, தலைப்பாரத்தில் பால் கறப்பது, மரம் அறுப்பது என்று ஊர் வாழ்க்கையையே குட்டிக் குட்டியாகச் செதுக்கி, கண்ணாடி மணி கோத்து வைத்திருப்பார்கள். பெண் வேஷமும் ஆண்களே, நம் கூத்து மாதிரி. உடம்பெல்லாம் உருண்டை மணி கட்டிக்கொண்டு குதிப்பது இந்தப் பெண் வேஷக்காரர்கள்தான், ஆண் வேஷத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு பெரிய மாட்டுமணி. 'அவலட்சணங்கள்' வைக்கோலும் தழையும் போர்த்தி, பல்லை இளித்துக்கொண்டு வரும். மூன்றாவதாக அழகான அவலட்சணம் என்று ஒன்று, தேவதாரு இலை, பாசி, நத்தை ஓடு வைத்து அவ்வளவு நேர்த்தியாகச் செய்தது. எனக்கு இதுதான் பிடித்தது.

வீட்டுக்காரர் வாசலில் நிற்க, பாடி முடித்து ஒவ்வொருவராகக் கைகுலுக்குவார்கள். முகமூடியைக் கழற்றக் கூடாதே, அதனால் ஒயினை உறிஞ்சு குழாய் வைத்துக் குடிப்பார்கள். அந்த நேரத்தில் வீட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய்ப் படம் எடுக்க நிற்காதீர்கள், அது உங்களுக்கான நிகழ்ச்சி இல்லை.

போக நினைத்தால் கோசாவ் என்ற ஊரிலிருந்து ஹெரிசாவ் வழியாக உர்னேஷுக்கு ரயில் இருக்கிறது, பஸ்ஸே தேவையில்லை. தேதி ஞாயிறில் வந்தால் சனிக்கிழமையே நடத்திவிடுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். வழுக்காத ஷூ கட்டாயம். குளிர் தாங்கவில்லை என்றால் ஊரிலேயே இருக்கிற வழக்காற்று மியூசியத்தில் அந்தத் தலை அலங்காரங்களை நிதானமாகக் கிட்டத்தில் பார்க்கலாம்.

டூர்காரர்களுக்குப் புகார் எழுதினேன், உடனே பதில் வந்தது. அடுத்த தடவைக்குப் பத்து சதவீதம் தள்ளுபடியாம், பஸ் காலை எட்டு மணிக்காம்.