கிடங்கு வேலைக்கு எந்தக் கையடக்கக் கணினி? மூன்று வகைகளும் அவற்றைப் பாதுகாப்பாக அமைக்கும் வழிகளும்

பழைய விண்டோஸ் சிஇ, விண்டோஸ் எம்பெடட் ஹேண்ட்ஹெல்டு 6.5 ஆகிய இயங்குதளங்களில் ஓடும் பார்கோடு கருவிகள் இன்றும் பல கிடங்குகளில் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஹேண்ட்ஹெல்டு 6.5-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் சிஇ-யின் கடைசிப் பதிப்பான எம்பெடட் காம்பேக்ட் 2013-க்கான ஆதரவும் 2023 அக்டோபரில் நின்றுவிட்டது. கருவியின் உடல் கெடவில்லை என்பதற்காக அதைத் தொடர்ந்து பயன்படுத்தினால், கண்டறியப்படும் எந்தப் பாதுகாப்பு ஓட்டையும் இனி அடைக்கப்படாது. ஆகவே மாற்று தேட வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது. தேடுபவர் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, சாதாரண ஆண்ட்ராய்டு போனைக் கெட்டியான உறையில் போட்டுக் கொடுப்பது. இரண்டாவது, ஸீப்ராவின் டிசி வரிசை, ஹனிவெல்லின் சிடி வரிசை போன்ற, போன் வடிவத்திலேயே வரும், அடியும் தூசியும் நீரும் தாங்கும்படி செய்த உறுதிவகைத் தொடுதிரைக் கருவி. மூன்றாவது, ஸீப்ராவின் எம்சி3300, எம்சி9300 போல விசைப்பலகையும் துப்பாக்கிப் பிடியும் கொண்ட கனமான கருவி.

விற்பனையாளர்கள் முதலில் காட்டுவது பாதுகாப்புத் தரக் குறியீடுகளைத்தான். அவற்றை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐபி67 என்றால் தூசி உள்ளே புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் கிடந்தாலும் கெடாது என்று பொருள். ஆனால் நீரில் மூழ்கித் தாங்கும் கருவி, குழாயிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும் என்று அந்தக் குறியீடு சொல்வதில்லை. அதற்கு ஐபி65 அல்லது ஐபி66 தனியாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். மீன் பதப்படுத்தும் கூடத்தில் தினமும் தரையையும் மேசையையும் குழாயால் அலசுகிறார்கள். அங்கே இந்த வேறுபாடு பெரிது. அதேபோல் ‘மில் எஸ்டிடி 810’ என்ற அமெரிக்க ராணுவத் தரத்தின் பெயரைப் பெட்டியின் மீது அச்சிட்டால் ராணுவமே சான்றளித்தது போன்ற எண்ணம் எழுகிறது. அது ஒரு சோதனை முறைத் தொகுப்பு மட்டுமே. அதன் 810ஜி பதிப்பில் உள்ள விழுதல் சோதனையில், 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் என 26 முறை கருவியைப் போடுகிறார்கள். விழும் தளம் கான்கிரீட் மீது வைத்த ஒட்டுப்பலகை. அந்த 26 விழுதல்களையும் ஐந்து கருவிகள் வரை பகிர்ந்துகொள்ளவும் அனுமதி உண்டு. கிடங்கின் தரையோ வெறும் கான்கிரீட், விழுவதோ ஒரே கருவி. எனவே கான்கிரீட்டில் நேரடியாக விழுந்த சோதனையின் உயரம் என்ன, உருட்டும் பெட்டியில் எத்தனை முறை உருட்டினார்கள் என்ற இரண்டு விவரங்களையும் விவரத்தாளில் தேடுங்கள். உறுதிவகைக் கருவிகளுக்கு இவை கொடுக்கப்பட்டிருக்கும். உறையணிந்த போனுக்குக் கொடுக்கப்படுவது பெரும்பாலும் உறையின் சோதனை விவரம்தானே தவிர, உள்ளே இருக்கும் போனுடையது அல்ல.

பார்கோடு படிப்பதில்தான் போனுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள இடைவெளி கண்ணுக்குத் தெரிகிறது. போன் தன் கேமராவால் படம் பிடித்து, குவியம் தேடி, மென்பொருளால் பார்கோட்டைக் கண்டுபிடிக்கிறது. நல்ல வெளிச்சத்தில், தட்டையான அட்டைப்பெட்டியில் ஒட்டிய புதிய லேபிள் என்றால் இது குறையில்லாமல் நடக்கும். பலகைத் தட்டில் அடுக்கிய பெட்டிகளை ஸ்ட்ரெட்ச் ஃபிலிமால் சுற்றியிருக்கும்போது, மேல் விளக்கின் ஒளி ஃபிலிமின் சுருக்கங்களில் பட்டுச் சிதறுகிறது. போனைப் பிடித்தவர் ஒரு பக்கம் சாய்த்தும் மறுபக்கம் சாய்த்தும் கோணம் தேடிக்கொண்டே நிற்பார். பார்கோடு படிப்பதற்கென்றே தனி ஸ்கேன் இன்ஜின் உள்ள கருவி, குறி காட்டும் ஒளிப்புள்ளியை லேபிளின் மேல் வைத்துப் பொத்தானை அழுத்திய கணத்திலேயே படித்துவிடும். நீண்ட தூர இன்ஜின் பொருத்திய துப்பாக்கிப் பிடிக் கருவி, ரேக்கின் உச்சித் தட்டில் உள்ள இட அடையாளத்தையும் தரையில் நின்றபடியே படிக்கும். ஏணி ஏறும் வேலையும் அதன் ஆபத்தும் இல்லாமல் போகின்றன. நாளுக்குச் சில பத்து ஸ்கேன் மட்டுமே செய்யும் கடைக்குப் போன் தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஒரு ஷிஃப்டில் ஆயிரத்தை நெருங்கும் இடத்தில், போனில் மிச்சப்படுத்திய பணம் ஊழியரின் மணிக்கட்டு வலியாகவும் வீணான நேரமாகவும் திரும்பி வரும்.

பேட்டரியைப் பற்றி விலைப்பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும். வேலைத்தளத்தில் அதுதான் பாதிப் பிரச்சினை. இன்றைய சாதாரணப் போன்களில் பெரும்பாலானவற்றின் பேட்டரியைக் கழற்ற முடியாது. கொள்ளளவு குறைந்ததும் போன் முழுவதையும் சர்வீஸுக்கு அனுப்ப வேண்டும். உறுதிவகைக் கருவிகளில் பேட்டரியைக் கையாலேயே மாற்றலாம். பல மாதிரிகளில், திறந்திருக்கும் வேலையை இழக்காமலே மாற்ற முடிகிறது. சாம்சங்கின் எக்ஸ்கவர் வரிசை இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: அது போன்தான், ஆனால் பேட்டரியைக் கழற்றலாம், ஐபி68 தரமும் உண்டு. தனி ஸ்கேன் இன்ஜின் அவசியமில்லாத விநியோக ஊழியருக்கு, உறையணிந்த சாதாரணப் போனைவிட அதையே நான் பரிந்துரைப்பேன்.

குளிர்பதனக் கிடங்கில் இந்த ஒப்பீடு முற்றிலும் வேறு முகம் கொள்கிறது. தூத்துக்குடி போன்ற ஏற்றுமதித் துறைமுக ஊர்களில் உறைந்த இறாலை மைனஸ் 18 டிகிரிக்கும் கீழே வைத்திருக்கிறார்கள். கதவுக்கு வெளியே ஏற்றுமேடையில் கடலோரத்தின் ஈரக்காற்று. உள்ளே சில்லிட்டுப்போன கருவி வெளியே வந்ததும் காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் நீர்த்துளிகளாகப் படிகிறது. ஸ்கேன் கண்ணாடி மங்கும். ஊழியர் அதைச் சட்டை நுனியால் துடைப்பார். மறுபடி உள்ளே போனதும் மிச்சமிருந்த ஈரம் பனிப்படலமாக உறைந்துவிடும். இந்தப் போக்குவரத்து ஒரு நாளில் எத்தனையோ முறை நடப்பதால், மூடல் சரியில்லாத கருவிக்குள் ஈரம் சிறுகச் சிறுகப் புகுந்து மின்சுற்றை அரிக்கிறது. சாதாரணப் போன் இங்கே தாக்குப்பிடிப்பது கடினம். குளிரில் பேட்டரியின் உள்மின்தடை கூடுவதால், 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துபோகும். எம்சி9300-இன் குளிரறைப் பதிப்பு மைனஸ் 30 டிகிரி வரை வேலை செய்யும்படி, திரையிலும் ஸ்கேன் ஜன்னலிலும் வெப்பமூட்டி பொருத்தி வருகிறது. அதன் பெரிய விசைகளைத் தடித்த கையுறையோடும் அழுத்தலாம். தொடுதிரையில் அளவை உள்ளிட ஊழியர் ஒவ்வொரு முறையும் கையுறையைக் கழற்ற வேண்டியிருந்தால் அது உடல்நலப் பிரச்சினையே ஆகிவிடும். எந்தக் கருவியாக இருந்தாலும் குளிரறைக்குள் சார்ஜ் ஏற்றக் கூடாது. லித்தியம் அயான் செல்லைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் எதிர்மின்வாயின் மேல் உலோக லித்தியம் படிந்து, செல் நிரந்தரமாகப் பழுதடைவதோடு உள்ளே குறுக்குச்சுற்று ஏற்படும் ஆபத்தும் உண்டு. அறைக்கு வெளியே, ஈரமில்லாத இடத்தில், கருவி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகே சார்ஜர் தொட்டியில் வைக்க வேண்டும்.

குளிரறை இல்லாத கிடங்கில் துப்பாக்கிப் பிடிக் கருவியின் எடை ஒரு சுமையே. எண்களை விசையில் தட்டிப் பழகிய மூத்த ஊழியர்கள் அதை விரும்புகிறார்கள் என்பது உண்மை. ஆனால் தொடுதிரை மாதிரிகள் பலவற்றுக்குக் கழற்றி மாட்டும் பிடி கிடைப்பதால், பெரும்பாலான கிடங்குகளுக்கு இரண்டாம் வகையே பொருத்தம்.

விலையை ஆயுளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். போன் மாதிரி ஒன்று ஓரிரு ஆண்டுகளில் சந்தையிலிருந்து மறைந்துவிடும்; அடுத்த ஆண்டு பத்துக் கருவி கூடுதலாக வாங்கப் போனால் வேறு மாதிரி, வேறு உறை, வேறு சார்ஜர். உறுதிவகைக் கருவிகள் பல ஆண்டுகள் அதே மாதிரியாக விற்கப்படுகின்றன. கூகுளின் ‘ஆண்ட்ராய்டு எண்டர்பிரைஸ் ரெகமண்டட்’ திட்டம், உறுதிவகைப் பிரிவில் இடம்பெற விரும்பும் கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 90 நாட்களுக்குள் வர வேண்டும், ஐந்து ஆண்டுகள் தொடர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. வாங்குவதற்கு முன் விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த மாதிரிக்குத் திருத்தங்கள் எந்த ஆண்டு வரை வரும் என்பதே. கையிருப்பைத் தள்ளிவிடும் தள்ளுபடி விற்பனையில் அந்தக் காலத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கக் கூடும்.

இனி அமைக்கும் முறைகள். எவ்வளவு நல்ல கருவியை வாங்கினாலும் பெட்டியைத் திறந்ததும் செய்வதுதான் அதன் பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது என்பதால், இங்கே விரிவாகவே சொல்கிறேன். எளிதாகத் தோன்றும் வழி, யாரோ ஒரு ஊழியரின் ஜிமெயில் கணக்கைப் போட்டு, பிளே ஸ்டோரிலிருந்து செயலியை இறக்கி, ஒவ்வொன்றாகக் கொடுத்துவிடுவது. இதைத் தவிர்த்தே ஆக வேண்டும். ஆண்ட்ராய்டு 5.1 முதல், கருவியைத் திருட்டுக்குப் பின் வலுக்கட்டாயமாக ரீசெட் செய்தால் பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும் காப்பு இருக்கிறது. அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டால், கருவி நிறுவனத்துக்கே பூட்டிய பெட்டியாகிவிடும். அதற்கும் மேலாக, அவருடைய தொடர்பு எண்களும் புகைப்படங்களும் அடுத்த ஷிஃப்டுக்காரரின் கையில் இருக்கும்.

இரண்டாவது வழி, எல்லாக் கருவிகளையும் ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும், எம்டிஎம் எனப்படும் நிர்வாக மென்பொருள் தரும் க்யூஆர் குறியீடு. ஆண்ட்ராய்டு 7 முதல், புதிய அல்லது ரீசெட் செய்த கருவியின் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு முறை தட்டினால் க்யூஆர் படிப்பான் திறக்கும். குறியீட்டைக் காட்டினால் கருவி முழுவதும் நிறுவனத்தின் ஆளுகைக்குள் வந்துவிடும். தனிப்பட்ட கணக்கு தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: அந்தக் குறியீட்டுக்குள் வைஃபை கடவுச்சொல்லைச் சேர்த்தால் அது மறையாக்கம் இல்லாத வெறும் எழுத்தாகவே இருக்கும், எந்தப் போனாலும் படித்துவிடலாம். அதை அச்சிட்டு அலுவலகச் சுவரில் ஒட்டுவது, கிடங்கின் வலைப்பின்னல் சாவியைச் சுவரில் மாட்டுவதற்குச் சமம். அமைப்பதற்கு மட்டும் ஒரு தனி வைஃபையை உருவாக்கி, அதிலிருந்து எம்டிஎம் சர்வரைத் தவிர வேறெதையும் அணுக முடியாதபடி கட்டுப்படுத்தி, வேலை முடிந்ததும் அணைத்துவிட வேண்டும். ஸீப்ராவின் ஸ்டேஜ்நவ் போன்ற தயாரிப்பாளர் கருவிகள், இயங்கிக்கொண்டிருக்கும் கருவிக்கும் பார்கோடு வழியாக அமைப்புகளை ஏற்றும். வசதிதான், ஆனால் அந்தத் தாள்களையும் பூட்டி வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி, ஜீரோ டச் பதிவும் சாம்சங்கின் நாக்ஸ் பதிவும். அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர் வரிசை எண்ணை முன்கூட்டியே பதிந்துவிடுவதால், கருவி முதன்முறை இணையத்தில் சேர்ந்ததும் தானே எம்டிஎம்மைத் தேடிச் செல்கிறது. திருடியவர் ரீசெட் செய்தாலும் மறுபடி நிறுவனத்தின் பிடிக்கே வந்து சேரும். பல ஊர்களில் கிளை உள்ள நிறுவனத்துக்கு இதுவே சிறந்தது. ஒரே கிடங்கில் இருபது முப்பது கருவி வைத்திருப்பவர்களுக்கு க்யூஆர் முறை போதும்.

வைஃபையில், எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல், கருவிக்குத் தனித்தனி டிஜிட்டல் சான்றிதழ் என இரண்டு வழிகள் உண்டு. முதலாவதில் ஒரு கருவி தொலைந்தாலும் எல்லாவற்றிலும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். இரண்டாவதில் தொலைந்ததன் சான்றிதழை மட்டும் ரத்து செய்யலாம். சான்றிதழ் முறையில் நேரம் சரியாக இருப்பது முக்கியம்: பேட்டரி முழுவதும் தீர்ந்து நாட்கணக்கில் கிடந்த கருவியின் கடிகாரம் பின்தங்கிப்போனால், செல்லுபடியாகும் சான்றிதழைக்கூட அது ஏற்க மறுக்கும். இப்படி இணைய மறுக்கும் கருவியைப் பழுது என்று ஒதுக்குவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

கிடங்குச் செயலியைத் தவிர மற்றவை திறக்காதபடி கியோஸ்க் முறையில் பூட்டுவது, கணினியோடு இணைத்துக் கருவிக்குள் நுழைய வழிவிடும் யுஎஸ்பி டீபக்கிங்கை அணைப்பது, அறியாத இடங்களிலிருந்து செயலி நிறுவுவதைத் தடுப்பது, தொலைந்தால் தூரத்திலிருந்தே அழிக்க வகைசெய்வது ஆகியவை எல்லா வகைக் கருவிக்கும் பொது. ஸ்கேன் செய்த எண்ணை விசைத்தட்டல் போல எந்தத் திரையிலும் கொட்டும் அமைப்பைவிட, குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் அனுப்பும் அமைப்பே பாதுகாப்பானது. ஸீப்ரா கருவிகளில் ஸ்கேன் தரவைக் கையாளும் டேட்டாவெட்ஜில் செயலிவாரியாகச் சுயவிவரம் அமைத்து இதைச் செய்யலாம். இயங்குதளத் திருத்தங்களை முதலில் இரண்டு மூன்று கருவிகளில் மட்டும் ஏற்றி, ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டிப் பார்த்த பிறகே மற்றவற்றுக்கு அனுப்ப வேண்டும்.

உறுதிவகை என்ற பெயரை நம்பி எரிவாயு நிரப்பும் கூடத்துக்கோ பெட்ரோலியக் கிடங்குக்கோ இவற்றைக் கொண்டுபோகக் கூடாது. தூசியும் நீரும் புகாத மூடல் வேறு, தீப்பொறி எழுப்பாதபடி மின்சுற்றையே கட்டுப்படுத்திச் செய்வது வேறு. அத்தகைய இடங்களுக்கு அந்த அபாய மண்டலத்துக்கென்றே சான்று பெற்ற பதிப்பு வேண்டும்; இந்தியாவில் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் ஒப்புதலையும் பார்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை அழுத்தி உள்ளே தள்ளாமல், உடனே எடுத்துத் தனியே தீப்பிடிக்காத இடத்தில் வைத்து, 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும்.