டர்பனில் ஒரு மார்பகக் கிளினிக்: மகளோடு மூன்று தடவை போய் வந்தது

கிளினிக்கின் பெயரை இங்கே போடவில்லை. குறையும் எழுதப் போகிறேன். எழுதிவிட்டு அதே ரிசப்ஷனில் மறுபடி போய் நிற்க வேண்டியவள் நான். பெரியா (Berea) என்ற மேட்டுப் பகுதியில், வாசலில் மாமரம் நிற்கும் ஒரு பழைய வீட்டைத் திருத்திக் கட்டிய இடம். அவ்வளவு போதும்.

மகளுக்கு 15 வயது, நெட்பால் ஆடுகிறவள். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்மா, நெஞ்சுல ஒரு உருண்டை இருக்கு. தீபாவளியிலிருந்தே இருக்கு" என்றாள். தீபாவளி போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். கோலிக்குண்டு மாதிரி இருந்தது, வலி இல்லை, விரல் பட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடியது. 'கட்டி' என்ற சொல் வராமல் வாயை அடக்கிவிட்டேன். முகத்தை அடக்க முடியவில்லை, அவள் பார்த்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு ஆயா, இந்த ஊரில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர். விஷயம் தெரிந்த அன்று மாலையே தோட்டத்து மஞ்சள் கிழங்கோடு வந்துவிட்டார், அரைத்துப் பற்றுப் போட்டால் கரைந்துவிடுமாம். முதலில் போன இன்னோர் இடத்திலோ, ஐந்து நிமிடம்கூடப் பார்க்காமல், "எடுத்துடலாம், அடுத்த வாரமே தேதி இருக்கு" என்றார்கள். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டுதான் இந்தக் கிளினிக்குக்குப் போனோம்.

குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். காத்திருக்கும் அறை முழுக்கப் புற்றுநோய்ச் சுவரொட்டிகள். எங்களோடு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் என் வயதும் அதற்கு மேலும். இரண்டு பேர் தலையில் துணி கட்டியிருந்தார்கள். ஒரு சுவரொட்டியை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்த என் மகள், அதற்கப்புறம் பேசவே இல்லை. போதாததற்கு, ரிசப்ஷனில் இருந்த பெண் என்ன பிரச்சினை என்பதை அறை முழுக்கக் கேட்கும்படி படித்துச் சரிபார்த்தார். கவுனும் பெரியவர்கள் அளவு, இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது. சின்னப் பிள்ளைகளும் வருகிற இடத்தில் இதையெல்லாம் யோசிக்க வேண்டாமா?

உள்ளே போனதும் வேறு உலகம். டாக்டரம்மா நாற்காலியை என் பக்கம் போடாமல் அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா கூட இருக்கட்டுமா, கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டுமா?" என்று அவளைத்தான் கேட்டார். இருக்கட்டும் என்றாள், பெரிய மனசு. மாதவிடாய் எப்போது வந்தது, அதற்கு முன்னால் உருண்டை பெரிதாகித் தெரிகிறதா, குடும்பத்தில் யாருக்காவது மார்பகப் புற்றுநோய் உண்டா என்று கேட்டுக்கொண்டே போனார். நான் இடையில் பதில் சொல்லப் போக, "அவளே சொல்லட்டுமே" என்று சிரித்தார். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி, 12 வயது முடிந்து விஷயம் புரிகிற பிள்ளை சிகிச்சைக்குத் தானே சம்மதம் தரலாம். ஆபரேஷன் என்றால் பெற்றவர் துணையும் வேண்டும். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, பொய் சொல்வானேன்.

மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுக்க வேண்டாமா என்று கேட்டேன். இந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும், படத்தில் எல்லாமே வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளை, அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. வீணாகக் கதிர்வீச்சு எதற்கு என்றார். அல்ட்ராசவுண்ட் மட்டும் எடுத்தார்கள். திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். விளிம்பு வழுவழுப்பாக, படுத்த முட்டை மாதிரி ஒரு கரிய வட்டம், 2.4 செ.மீ. ஃபைப்ரோஅடினோமா என்றார். ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு ஈடுகொடுத்து, பால் சுரப்பியும் நார்த்திசுவும் ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்துவிடுவதாம். பருவ வயதில் வரும் கட்டிகளில் இதுதான் அதிகம், புற்றுநோய் மிக மிக அரிது. பிடிக்குள் சிக்காமல் ஓடுவதால் டாக்டர்கள் இதைச் செல்லமாக 'எலி' என்பார்களாம். அதைக் கேட்டுத்தான் மகள் அன்று முதன்முதலாகச் சிரித்தாள். வீட்டில் இப்போது அதற்குச் சுண்டெலி என்று பெயர்.

ஊசி குத்திச் சதை எடுத்துச் சோதிக்கவும், ஆபரேஷன் செய்யவும் அவசரப்படவில்லை. வளர்கிற மார்பகத்தில் தேவையில்லாமல் கத்தி வைத்தால் தழும்பும் வரும், திசுவும் கெடலாம். பல கட்டிகள் தானாகவே சுருங்கிவிடும் என்றார். 5 செ.மீ. தாண்டினாலோ, மளமளவென்று வளர்ந்தாலோ, வடிவத்தை மாற்றினாலோ, அவளுக்கே பெரிய தொல்லையாக இருந்தாலோ எடுத்துவிடலாம். காம்பிலிருந்து ரத்தம் கசிந்தால், தோல் குழிந்தால், உருண்டை அசையாமல் கெட்டிப்பட்டால், தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொன்னார். மஞ்சளைப் பற்றியும் கேட்டேன். தோலுக்கு மேலே போடுவது உள்ளே இருப்பதைக் கரைக்காது என்றார். ஆயாவிடம் இதை நான் சொல்லவில்லை. மஞ்சள் மீன் குழம்புக்குப் போயிற்று.

மூன்று மாதம் கழித்துப் போனபோது 2.6. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அளப்பவர் கை மாறினாலே இந்த அளவு முன்பின் வரும் என்று, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மூன்றாம் முறை 2.2.

முதல் தடவை ஸ்கேனோடு சேர்த்து 3,000 ராண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆனது, மெடிக்கல் எய்டின் (மருத்துவக் காப்பீட்டின்) சேவிங்ஸ் கணக்கில் கழிந்தது. சும்மா இரு என்று சொல்வதற்கா இவ்வளவு என்று வீட்டுக்காரர் முணுமுணுத்தார். அடுத்த வாரமே எடுத்துவிடலாம் என்றவர்கள் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று கேட்டேன். பேப்பரை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார்.

போகிறவர்கள் காலை எட்டரைக்கு முன்னால் போங்கள், மாமரத்தடியில் நான்கு கார்தான் நிற்கும். ரிசப்ஷனில் விவரத்தைத் தாளில் எழுதித் தருகிறேன் என்று சொன்னால் ஒத்துக்கொள்கிறார்கள், மூன்றாம் முறை நாங்கள் அப்படித்தான் செய்தோம். அடுத்த தேதி பரீட்சை முடிந்த பிறகு. மகளே போன் செய்து மாற்றிக்கொண்டாள்.