சேதாரம் கேட்காமல் வாங்கிய ரன்னிங் பேக்குகள்: 12 சீசன் அனுபவம்

நகைக்கடைக்குப் போனால் செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு என்று கேட்காமல் நம் வீட்டில் ஒரு மோதிரம்கூட வாங்க மாட்டார்கள். நிஜ வீரர்களை வைத்துக் கற்பனை அணி அமைத்து ஆடும் ஃபேன்டஸி ஃபுட்பாலில் ரன்னிங் பேக் எடுக்கும்போது மட்டும் அந்தக் கேள்வியை நான் ஒன்பது பத்து வருஷம் கேட்கவே இல்லை. 2013-ல் இங்கே அமெரிக்காவில் அலுவலக நண்பர்கள் 12 பேர் நடத்தும் லீகில் சேர்ந்தேன். 2024 வரை 12 சீசன் ஆடியாகிவிட்டது. அதில் ஒன்பது முறை என் முதல் தேர்வு ரன்னிங் பேக்தான். நன்றாக ஓடியவர்களும் உண்டு. இங்கே ஏமாற்றியவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அவர்களிடமிருந்துதான்.

ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு நான்கு வரி. அமெரிக்க ஃபுட்பாலில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு எதிரணிக் கூட்டத்துக்குள் முட்டி மோதி ஓடுபவர் ரன்னிங் பேக். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகின் நிஜ ஆட்டத்தில் அவர் ஓடும் ஒவ்வொரு 10 யார்டுக்கும் உங்களுக்கு 1 பாயிண்ட், பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுனுக்கு 6, பிடிக்கும் ஒவ்வொரு பாஸுக்கும் எங்கள் லீகில் இன்னொரு 1. முன்பு ட்ரீம்11-ல் போட்டதுபோல ஆட்டத்துக்கு ஆட்டம் புது அணி போட முடியாது. ஆகஸ்ட் கடைசியில் வீரர்களை முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட் நடக்கும், ஒருவர் எடுத்த வீரர் மற்ற 11 பேருக்கும் கிடையாது, அப்புறம் டிசம்பர்வரை அவரோடுதான் குடித்தனம்.

நான் சேர்ந்த வருஷம் எல்லோர் வாயிலும் சி.ஜே. ஸ்பில்லர் பெயர்தான். 2012-ல் பஃபலோ அணிக்காக 207 முறை ஓடி 1,244 யார்டு எடுத்திருந்தார். ஓட்டத்துக்குச் சராசரி 6 யார்டு, அபாரமான கணக்கு. வாந்தி எடுக்கும்வரை அவரிடம் பந்தைக் கொடுப்போம் என்று அந்த அணியின் தாக்குதல் பயிற்சியாளர் நத்தானியல் ஹாக்கெட் வேறு சொல்லிவிட்டார். ஓட்டம் கூடினால் யார்டும் கூடும் என்று நானும் மனக்கணக்குப் போட்டு அவரை எடுத்தேன். 2013-ல் அவர் ஓடியது 202 முறை, கிடைத்தது 933 யார்டு, 2 டச் டவுன். கணுக்கால் வலியோடு பாதி சீசனை ஓட்டினார். அதிலிருந்து, ஆகஸ்டில் பயிற்சியாளர் சொல்லும் எந்த வாக்கையும் டிராஃப்டுக்காக நான் தயாரிக்கும் தாளில் எழுதிக்கொள்வதில்லை.

அதே வருஷம் நண்பர் ஒருவர் டிரென்ட் ரிச்சர்ட்சனை எடுத்திருந்தார். நிஜ அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2012 என்எஃப்எல் டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டவர், முதல் சீசனிலேயே 12 டச் டவுன். ஆனால் அந்த 12-க்குப் பின்னால் சராசரி 3.6 யார்டுதான் இருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. 2013 செப்டம்பரில் கிளீவ்லாந்து அவரை இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்து ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கிக்கொண்டது. புது அணியில் சராசரி 2.9 யார்டாக இறங்கியது. டச் டவுன் என்பது பெரும்பாலும் கோட்டுக்கு அருகில் பந்து யார் கைக்குப் போகிறது என்பதைப் பொறுத்தது. அடுத்த வருஷம் அந்த வாய்ப்பு வராமல் போகலாம். யார்டு சராசரி அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் டிமார்க்கோ மர்ரே. 2014-ல் டாலஸுக்காக 392 முறை பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி 1,845 யார்டு எடுத்தார். ஒரே சீசனில் 392 ஓட்டம் என்றால், ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் நூறு கிலோவைத் தாண்டிய ஓரிருவர் மேலே வந்து விழுகிறார்கள் என்று அர்த்தம். இதைத்தான் சேதாரம் என்கிறேன். அடுத்த வருஷம் ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறினார். அங்கே 702 யார்டு, சராசரி 3.6. உடம்பு களைத்துவிட்டது என்று அப்போது நானும் நினைத்தேன். ஆனால் அது பாதிக் காரணம்தான். டாலஸில் அவருக்கு முன்னால் டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃப்ரெடெரிக், ஜாக் மார்ட்டின் என்று, எதிரணியைத் தடுத்து வழி திறந்துவிடும் தடுப்பு வரிசை மலைபோல் நின்றது. பந்தைப் பின்னால் ஆழத்தில் வாங்கி, நேராக வேகமெடுத்து வருவது அவர் பாணி. ஃபிலடெல்ஃபியாவின் ஆட்டமுறையில் பக்கவாட்டில் நின்று பந்தை வாங்கி அங்கிருந்து கிளம்ப வேண்டியிருந்தது. 2016-ல் டென்னஸிக்குப் போனதும் அதே மர்ரே 1,287 யார்டு ஓடினார். மனிதர் அப்படியேதான் இருந்தார், முன்னால் நின்றவர்களும் ஓடும் முறையும்தான் மாறியிருந்தார்கள். ரன்னிங் பேக் அணி மாறினால் அவருடைய பழைய எண்களைப் பாதி விலைக்குத்தான் மதிக்க வேண்டும் என்று அன்று எழுதி வைத்தேன்.

2017-ல் பெரும்பாலான லீகுகளில் முதல் பெயர் டேவிட் ஜான்சன். முந்தைய வருஷம் 20 டச் டவுன் போட்டவர். முதல் ஆட்டத்திலேயே மணிக்கட்டு விலகி அந்த சீசன் அத்தோடு முடிந்தது. இதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. விபத்து விபத்துதான்.

2018 அப்படி இல்லை. லெவியான் பெல்லை முதல் இரண்டு மூன்று இடங்களுக்குள் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். முந்தைய சீசனில் பிட்ஸ்பர்குக்காக 321 ஓட்டம், 85 பாஸ், மொத்தம் 406 முறை பந்து அவர் கைக்கு வந்திருந்தது. அணி ஒரு வருஷத்துக்குச் சுமார் 1.45 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. நீண்ட ஒப்பந்தம் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார். இந்த வாரம் வருவார், அடுத்த வாரம் வருவார் என்று செய்தி வந்துகொண்டே இருந்தது. நவம்பர் 13-ம் தேதி கெடு முடிந்தது, அவர் வரவில்லை. எங்கள் லீகில் அவரை எடுத்த நண்பர் பத்து வாரம் பெஞ்சில் ஓர் இடத்தை அவருக்காகக் காலியாகவே வைத்திருந்தார். அன்றைக்கு எனக்கும் பெல் மேல் கோபம்தான். இன்று வேறு மாதிரி தோன்றுகிறது. தன் உடம்பின் சேதாரத்தைக் கணக்குப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். எங்களில் யாரும் பார்க்கவில்லை. அவருக்குப் பதிலாக ஓடிய ஜேம்ஸ் கானர் 13 ஆட்டத்தில் 12 டச் டவுன் ஓடிப் போட்டார். கடைசிச் சுற்றுகளில் கிடைத்த ஆள்!

அதே சீசனில் என் அணியில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் டாட் கர்லி இருந்தார். 14 ஆட்டத்தில் 21 டச் டவுன். அவரால்தான் இறுதி ஆட்டம்வரை வந்தேன். எங்கள் இறுதி என்எஃப்எல்லின் 16-வது வாரத்தில். அந்த வாரம் முழங்கால் வீக்கத்தால் கர்லி ஆடவில்லை. சில நாட்களுக்கு முன்புதான் ராம்ஸ் சேர்த்திருந்த சி.ஜே. ஆண்டர்சன் அவர் இடத்தில் இறங்கி 167 யார்டு ஓடினார். ஆண்டர்சன் என் எதிராளியின் அணியில் இருந்தார். நான் தோற்றேன். அதைவிட என்னை உறுத்தியது அப்புறம் நடந்தது. என்எஃப்எல்லின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் கர்லி ஓடியது 10 முறை, 35 யார்டு. 2020 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது. அந்த வருஷம் அட்லாண்டாவில் ஆடியதுதான் அவருடைய கடைசி சீசன். அப்போது அவருக்கு 26 வயது. என் தாளில் அவரை ஏமாற்றம் என்று குறிக்க எனக்கு மனசு வரவில்லை.

2020 செப்டம்பர் 20, ஞாயிறு. அந்த வருஷம் பெரும்பாலான டிராஃப்டுகளில் முதலிரண்டு பெயர்களாக இருந்த கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, சேக்வான் பார்க்லி இருவரும் ஒரே நாளில் அடிபட்டார்கள். ஒருவருக்குக் கணுக்கால், இன்னொருவருக்கு முழங்கால் தசைநார். 2022-ல் ஜொனதன் டெய்லர். முந்தைய வருஷம் 1,811 யார்டு, 18 டச் டவுன் ஓடியவர், முதலிடத்தில் எடுக்கப்பட்ட வருஷம் 11 ஆட்டம், 861 யார்டு, 4 டச் டவுன். இந்த இடத்தில்தான் என் வழக்கத்தை மாற்றினேன். அதுவரை ஒரு கணிப்புத் தளத்துக்குக் காசு கட்டி, அவர்கள் தரும் வரிசையை அப்படியே பின்பற்றிவந்தேன். உட்கார்ந்து பார்த்தபோது, அந்த வரிசை பெரும்பாலும் போன வருஷத்து மொத்த பாயிண்டுகளை லேசாகத் தட்டிக் கொட்டியதாகவே எனக்குப் பட்டது. ஒருவர் உச்சத்தில் ஓடிய வருஷத்துக்கு நாம் மறுவருஷம் விலை கொடுக்கிறோம். அந்த உச்சத்துக்காக அவர் உடம்பு கொடுத்த விலை பட்டியலில் எங்கும் இல்லை.

இப்போது என் தாளில் நானே போடும் பத்திகள் இவை. போன வருஷம் பந்து எத்தனை முறை கைக்கு வந்தது. அதில் பாஸ் எத்தனை. தடுப்பு வரிசையில் யார் போனார்கள், யார் வந்தார்கள். அவர் இல்லாவிட்டால் யார் ஓடுவார்கள். வயதுக்கும் ஒரு பத்தி வைத்திருந்தேன், இப்போது அதை அவ்வளவு நம்புவதில்லை. 2024-ல் 30 வயது டெரிக் ஹென்றியை அந்தப் பத்தியைப் பார்த்துத்தான் கைவிட்டேன். பால்டிமோருக்காக 1,921 யார்டு, 16 டச் டவுன் ஓடினார். அணி மாறினால் பாதி விலை என்ற என் பழைய விதியும் அதே வருஷம் உடைந்தது. ஃபிலடெல்ஃபியாவுக்கு மாறிய பார்க்லி 2,005 யார்டு எடுத்தார். அவர் போய்ச் சேர்ந்தது நாட்டிலேயே சிறந்த தடுப்பு வரிசைகளில் ஒன்றின் பின்னால். ஆக விதியைத் திருத்திக்கொண்டேன். அணி மாறினால் முதலில் பார்க்க வேண்டியது அந்த வரிசையைத்தான்.

2024-ல் எனக்கு முதல் தேர்வு கிடைத்தது, மெக்காஃப்ரியை எடுத்தேன். 2023-ல் 21 டச் டவுன் போட்டவர், வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இந்த முறை நான்காவது பத்தியையும் பார்த்து, கடைசிச் சுற்றில் அவருக்கு மாற்றாக ஓடக்கூடிய ஜோர்டன் மேசனையும் எடுத்து வைத்தேன். முதல் ஆட்டம் திங்கள் இரவு. மெக்காஃப்ரி இறங்கவில்லை என்பது உறுதியானது ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்புதான். மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்துவிட்டதால் மாற்று ஆள் போட வழியில்லாமல் எத்தனையோ பேர் தவித்தார்கள். மேசன் அன்று 147 யார்டு ஓடினார். மெக்காஃப்ரி குதிகால் தசைநாண் வலிக்கு ஜெர்மனிவரை போய் சிகிச்சை எடுத்து, நவம்பரில் திரும்பினார். நான்கே ஆட்டம். டிசம்பர் 1-ம் தேதி பஃபலோவில், கொட்டும் பனியில், அவருக்கு முழங்கால் போனது. அதே ஆட்டத்தில் மேசனுக்கும் கணுக்கால் போனது. காப்பீடும் சேர்ந்து போன மாதிரி. அப்படியும் அந்த சீசனில் நான் ஐந்தாவதாக முடித்தேன். மேசன் இல்லாமல் இருந்திருந்தால் கடைசி மூன்றில் இருந்திருப்பேன்.

மறுபடியும் முதல் சுற்றில் ரன்னிங் பேக் எடுப்பேனா? எடுப்பேன், ஆனால் முதல் நான்கு சுற்றில் ஒருவரை மட்டும். மீதி மூன்றிலும் பாஸ் பிடிக்கும் ரிசீவர்கள்தான். அந்த ஒருவரும் பாஸ் பிடிப்பவராக இருக்க வேண்டும், ஏனென்றால் அணி தோற்றுக்கொண்டிருக்கும்போதும் அவரைக் களத்தை விட்டு எடுக்க மாட்டார்கள். ரன்னிங் பேக்கே வேண்டாம் என்று முதல் ஐந்தாறு சுற்று தள்ளிவிடும் முறையையும் ஒரு வருஷம் முயன்றேன். எனக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு செவ்வாய் இரவும் யாரும் எடுக்காத ஆட்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது, குழந்தைகளைத் தூங்க வைக்கும் நேரம் அது.

இன்னொன்றையும் விட்டுவிட்டேன். அடிபட்ட வீரருக்குச் சமூக வலைத்தளத்தில் திட்டிச் செய்தி அனுப்புகிறவர்கள் எங்கள் லீகிலும் இருந்தார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் அதைத் தடை செய்து லீக் விதியில் எழுதினோம், 12 பேரும் ஒப்புக்கொண்டார்கள். இந்த ஆகஸ்ட் டிராஃப்டுக்கான தாளைப் போன வாரம் ஆரம்பித்தேன். முதல் பத்தி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. யார் இல்லாவிட்டால் யார் ஓடுவார்கள் என்ற நான்காவது பத்தியில் மட்டும் இதுவரை 19 பெயர் எழுதியிருக்கிறேன்.